பல்லிக்கு நிறம் தெரியுமா? சிவப்பு பல்பு அதற்கு இருட்டா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் லெப்பர்டு கெக்கோ என்ற, ராத்திரியில் திரியும் பல்லி ஒன்றை வளர்க்கிறீர்கள். ராத்திரி சூட்டுக்குச் சிவப்பு பல்பு போடுகிறீர்கள். ஊர்வனவற்றுக்குச் சிவப்பு தெரியாது, அதைப் பொறுத்தவரை அது இருட்டுதான் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஆனால் பச்சை இடுக்கி ஒன்றிலும் கறுப்பு இடுக்கி ஒன்றிலும் புழுவை ஒன்றாக நீட்டினால், ஆறு தடவையில் ஐந்து தடவை பச்சைப் பக்கமே வருகிறது. அப்படியானால் அதற்கு நிறம் தெரியுமா, ஆமைக்கும் பாம்புக்கும் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நிறம் தெரியுமா என்பது ஒரு கேள்வி. ராத்திரி முழுக்க எரியும் அந்த பல்பு அதற்குத் தொந்தரவா என்பது இன்னொன்று. நீங்கள் உண்மையில் கவலைப்படுவது இரண்டாவதைப் பற்றித்தான் என்று தோன்றுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், நிறம் தெரியும். அதுவும் நமக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் மங்கலில்கூட கெக்கோ வகைப் பல்லிகளுக்கு நிறம் தெரியும். சிவப்பு பல்பு இருட்டு அல்ல. ஆனால் உங்கள் இடுக்கி சோதனை இதற்குச் சாட்சி ஆகாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் கண் ஆராய்ச்சியாளன் இல்லை. விலங்கியல் முதுகலையில் ஒரு வருடம் ஊர்வனவற்றின் விழித்திரையை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். அப்புறம் பதினைந்து வருடமாகப் பல்லியும் ஆமையும் வளர்க்கிறேன். அதனால் கீழே எங்கே மற்றவர்கள் அளந்து நிறுவியதைச் சொல்கிறேன், எங்கே என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன் என்று பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில், நிறம் தெரிவது என்றால் என்ன? விழித்திரையில் இருக்கும் ஒவ்வொரு ஒளி செல்லுக்குள்ளும் ஒரு நிறமி இருக்கிறது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்: எவ்வளவு ஒளியைப் பிடித்தோம் என்பது. பிடித்த ஒளி எந்த நிறம் என்று அந்தச் செல்லுக்குத் தெரியாது. மங்கலான பச்சையும் பளீரென்ற சிவப்பும் ஒரே செல்லில் ஒரே அளவு சிக்னலைக் கிளப்பிவிடலாம். வெவ்வேறு நிறமி உள்ள இரண்டு வகை செல்களாவது இருந்து, மூளை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிறம் பிறக்கிறது. மனிதர்களுக்கு இப்படி மூன்று வகைக் கூம்பு செல்கள். நாய், பூனைக்கு இரண்டு. மங்கலில் வேலை செய்ய நமக்குத் தனியாகக் கோல் செல்கள் உண்டு, ஆனால் அவை ஒரே வகைதான். நிலா வெளிச்சத்தில் மொட்டை மாடிக் கொடியில் காயும் துணிகளில் எது நீலம், எது பச்சை என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

இனி பல்லிக்கு வருவோம். லேபில் முதன்முதலாகக் கெக்கோவின் விழித்திரையைப் பார்த்தபோது, நீளமாய், தடியாய், வரிசைகட்டி நின்ற செல்களைப் பார்த்துவிட்டு “எல்லாம் கோல் செல்கள், கூம்பு இல்லை” என்று நோட்டில் எழுதினேன். ராத்திரிப் பிராணி, அதனால் கோல் செல்கள், கணக்கு சரியாக வருகிறதே! பேராசிரியர் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. நான் பார்த்தவை வடிவத்தில்தான் கோல், வம்சத்தில் கூம்பு.

கதை இப்படி. இந்தப் பல்லிகளின் மூதாதைகள் பகலில் திரிந்தவை. பகல் வாழ்க்கையில் கோல் செல்லுக்கு வேலை இல்லை, அது தொலைந்துவிட்டது. அப்புறம் இந்த வம்சம் ராத்திரி வாழ்க்கைக்கு மாறியது. தொலைத்தது திரும்பி வராது. கையில் இருந்த கூம்பு செல்களையே நீட்டி, பருமனாக்கி, மங்கலில் வேலை செய்யும்படி மாற்றிக்கொண்டது. பகல் ஷிப்டுக்கு எடுத்த ஆட்களையே ராத்திரி ஷிப்டுக்கும் பழக்கிய மாதிரி. கண்ணின் பரிணாமத்தை ஆராய்ந்த கார்டன் வால்ஸ் என்ற அமெரிக்கர் 1942-இலேயே செல்லின் வடிவத்தை மட்டும் வைத்து இந்த யோசனையை விரிவாக எழுதிவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து அந்தச் செல்களின் நிறமிகளைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே இருந்தவை கூம்பு செல்லின் நிறமிகளேதான். டோக்கே கெக்கோ என்ற ராத்திரிப் பல்லியில் ஒன்று 521 நானோமீட்டர் அலைநீள ஒளியில், அதாவது பச்சையில், உச்சம் தொடுகிறது (அந்த ஒளியைத்தான் மிக அதிகமாகப் பிடிக்கிறது); இன்னொன்று 467-இல், நீலத்தில். 1994-இல் மூன்றாவதாக 364-இல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது நம் கண்ணுக்கே எட்டாத புற ஊதா. உங்கள் லெப்பர்டு கெக்கோவிடம் இருப்பதும் இதே மூன்று குடும்பங்களைச் சேர்ந்த நிறமிகள்தான்.

பாலூட்டிகளான நம் மூதாதைகளும் ஒரு காலத்தில் ராத்திரிக்குள் ஒதுங்கியவைதான். அவை நிறத்தில் பாதியைத் தொலைத்துவிட்டுத்தான் வெளியே வந்தன. பல்லி நிறத்தை விடாமலே ராத்திரிக்குள் போனது. எனக்கு இன்றைக்கும் இதில் ஒரு சின்னப் பொறாமை உண்டு.

ஆனால் மூன்று நிறமி இருப்பதாலேயே நிறம் தெரிகிறது என்று ஆகிவிடாது. மூளை அவற்றை ஒப்பிட்டுப் பார்க்காமல் மொத்தமாகக் கூட்டிவிடலாம். அந்தப் பிராணி தன் நடத்தையால் காட்டினால்தான் ருசு. அந்த வேலையை 2004-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் லினா ரோத், அல்முத் கெல்பர் என்ற இருவர் செய்தார்கள். ஹெல்மெட் கெக்கோ என்ற ராத்திரிப் பல்லிக்கு, நீலக் கட்டங்கள் உள்ள மாதிரிக்கும் சாம்பல் கட்டங்கள் உள்ள மாதிரிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். பிரகாசத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லாதபடி ஏற்பாடு. பிறகு வெளிச்சத்தை மங்கலான நிலவொளி அளவுக்கு, சதுர மீட்டருக்கு 0.002 கேண்டெலா வரை, குறைத்தார்கள். அந்த வெளிச்சத்தில் மனிதருக்கு நிறமே கிடையாது. பல்லி சரியான மாதிரியையே தேர்ந்தெடுத்தது. நிறம் தெரியத் தொடங்கும் எல்லையில் நம் கூம்புப் பார்வையைவிட அந்தக் கண் சுமார் 350 மடங்கு உணர்திறன் கொண்டது என்று பின்னால் கணக்கிட்டார்கள். பெரிய கண்மணி, குட்டையான குவிய தூரம், பருத்த கூம்பு செல்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்த 350.

இதில் எது உறுதி, எது நீட்டிச் சொல்வது என்று பிரித்துவிடுகிறேன். ஹெல்மெட் கெக்கோ மங்கலில் நிறம் பார்க்கிறது என்பது உறுதி. லெப்பர்டு கெக்கோவிடம் அதே வகை நிறமிகள் இருக்கின்றன என்பதும் உறுதி. ஆகவே உங்கள் பல்லியும் மங்கலில் நிறம் பார்க்கும் என்பது உறவை வைத்துச் சொல்லும் நியாயமான ஊகம். நான் அதன்மேல் பந்தயம் கட்டுவேன், ஆனால் ஊகம் ஊகம்தான். அந்த நீலம் அதன் மனசுக்கு எப்படித் தோன்றுகிறது என்பது யாரும் பதில் சொல்ல முடியாத கேள்வி. பக்கத்து வீட்டுக்காரரின் நீலமே எனக்குத் தெரியாது.

சரி, சிவப்பு. கடையில் சொன்னது முழுப் பொய் இல்லை. மனிதரின் நீள அலை நிறமி 560 நானோமீட்டர் பக்கத்தில் உச்சம் தொடும். பல்லியிடம் இருப்பதில் மிக நீளமானதே 521 பக்கம்தான். ஆகவே 620, 650 நானோமீட்டர் ஆழ்சிவப்பு அதற்கு நம் அளவுக்கு எடுப்பாகத் தெரியாது என்பது சரி. அந்தப் பக்கத்தில் அதன் உணர்திறன் உச்சத்தின் சில சதவீதமாகவும், அதற்கும் கீழேயும் சரிகிறது. ஆனால் சரிவது வேறு, பூஜ்யமாவது வேறு. மங்கலான நிலவொளியிலேயே நிறம் பார்க்கும் கண்ணுக்குச் சில சதவீதம் என்பது தாராளம். போதாததற்கு, சிவப்பு பல்பு என்று விற்பதில் நிறைய, சாதாரணக் குண்டு பல்பின் மேல் சிவப்புப் பூச்சு பூசியதுதான். அந்தப் பூச்சு வழியாக ஆரஞ்சும் கொஞ்சம் மஞ்சளும் கசியும். பழைய சி.டி. ஒன்றை எடுத்து அதன் பளபளப்பில் உங்கள் பல்பின் பிம்பத்தைச் சாய்த்துப் பாருங்கள். சிவப்புக்குப் பக்கத்திலேயே ஆரஞ்சுப் பட்டையும் தெரிந்தால் புரிந்துவிடும்.

இதை நான் நம்பியது எண்களைப் படித்து அல்ல. எனக்கும் ஒரு காலத்தில் சிவப்பு பல்புதான். ஒரு ராத்திரி, வளர்ப்புப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பல்லியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். லெப்பர்டு கெக்கோவின் கண்மணி செங்குத்துக் கீறல். பகல் வெளிச்சத்தில் அது நெளிநெளியான ஒற்றை நூலாகச் சுருங்கிவிடும்; இருட்டில் கறுப்பு நாணயம் மாதிரி விரியும். அன்றைக்குச் சிவப்பு பல்பின் கீழே அது இரண்டும் இல்லாமல், பூசணி விதை மாதிரி நடுவாந்தரமாக நின்றது. பல்பை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்து, டார்ச்சை விரலால் பொத்தி, கசியும் துளி வெளிச்சத்தில் பார்த்தேன். கண்மணி கிட்டத்தட்ட முழுவட்டம். பல்பைப் போட்டேன், மறுபடி பூசணி விதை. அந்தக் கண்ணுக்கு அது இருட்டாக இருந்திருந்தால் சுருங்கியிருக்கத் தேவையில்லை. இது ஒரு பல்லி, ஒரு பல்பு, ஒரு ராத்திரி, ஆராய்ச்சி இல்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் பத்து நிமிஷத்தில் செய்து பார்க்கலாம்.

அதற்காகச் சிவப்பு பல்பு பல்லியைக் கெடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதன் கீழே வருடக்கணக்காக நன்றாகச் சாப்பிட்டு, முட்டையிட்டு வாழ்ந்த பல்லிகளைப் பார்த்திருக்கிறேன். சில பல்லிகள் பல்பு எரியும் ராத்திரிகளில் மறைவிடத்தை விட்டு வெளியே வரத் தயங்குவதையும் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் வெளிச்சமா, சூடா என்று அவற்றின் நடத்தையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. என் வாதம் எளிமையானது. ராத்திரி உங்களுக்கு வேண்டியது சூடு, வெளிச்சம் அல்ல. வெளிச்சமே தராத செராமிக் ஹீட்டர் இருக்கிறது, அடியில் ஒட்டும் சூட்டுப் பாய் இருக்கிறது. எதைப் போட்டாலும் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள். இருட்டு வேண்டிய நேரத்தில் இருட்டைக் கொடுக்க வழி இருக்கும்போது ஏன் வெளிச்சத்தை வைத்து மல்லுக்கட்ட வேண்டும்? ராத்திரியில் பல்லியை வேடிக்கை பார்க்க ஆசையாக இருந்தால் சிவப்பு விளக்கைக் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு அணையுங்கள். அது உங்களுக்காக, பல்லிக்காக அல்ல என்று தெரிந்து போட்டால் சரி.

“ஊர்வனவற்றுக்குச் சிவப்பு தெரியாது” என்பதில் பெரிய தவறு அந்த “ஊர்வன” என்ற சொல்தான். ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் வளர்க்கும் சிவப்புக் காது ஆமைக்கு நான்கு வகைக் கூம்பு செல்கள். அதில் ஒன்று புற ஊதாவுக்கு. அதன் நீள அலைக் கூம்பு 617 நானோமீட்டர் பக்கத்தில் உச்சம் தொடுகிறது, அதாவது நம்மைவிடச் சிவப்புக்குள் ஆழமாக. அநேகமாக ஒவ்வொரு கூம்பு செல்லின் வாசலிலும் ஒரு சொட்டு எண்ணெய் வேறு: சிலவற்றில் சிவப்பு, சிலவற்றில் மஞ்சள், சிலவற்றில் நிறமில்லாமல். கேமராவுக்கு முன்னால் ஃபில்டர் மாட்டுவதுபோல ஒரு நிறத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் கொடுப்பது இந்தச் சொட்டுதான். புதிதாக எடுத்த ஆமை விழித்திரையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கண்ணாடி மணிகளைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கும். லேபில் நான் பார்த்தவற்றிலேயே அழகான காட்சி அது. ஆமைத் தொட்டிக்கு மேல் சிவப்பு பல்பைப் போட்டுவிட்டு அது இருட்டில் தூங்குகிறது என்று நினைப்பது வேடிக்கைதான்.

பகலில் வெயில் காயும் பல்லிகளில், பியர்டட் டிராகன், அனோல், பச்சோந்தி போன்றவற்றுக்கும் நான்கு வகை உண்டு. அனோல் தொண்டையை விரித்துக் காட்டும்போதும், பச்சோந்தி எதிரியைக் கண்டு நிறம் மாறும்போதும், பார்க்கிற இன்னொரு பல்லிக்கு நிறம் தெரியாவிட்டால் அத்தனை ஆர்ப்பாட்டமும் வீண். இவற்றுக்கு ஒளி வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். சாதாரண எல்.ஈ.டி. விளக்கில் புற ஊதா அநேகமாகக் கிடையாது. நம் கண்ணுக்கு அறை பளிச்சென்று இருக்கும்; அவற்றுக்கு நான்கு நிறத்தில் ஒன்று அணைந்த உலகம். வைட்டமின் டி-க்காகப் புற ஊதா விளக்கு போடச் சொல்வது எல்லோரும் சொல்வதுதான், அது யு.வி.பி. என்ற வகைப் புற ஊதாவின் கதை. பார்வைக்கு உதவுவது யு.வி.ஏ. நல்ல ஊர்வன விளக்கில் இரண்டும் இருக்கும்.

கெக்கோக்களிலும் பகல் வாழ்க்கைக்கே மறுபடி திரும்பிய சில உண்டு. மொரீஷியஸ் தீவில் சில பூக்களில் தேனே நிறமாக, மஞ்சளிலிருந்து சிவப்பு வரை இருக்கும். அங்கே இருக்கும் ஃபெல்சூமா பகல் பல்லிகளுக்கு நிறத் தேனையும் நிறமற்ற தேனையும் கொடுத்துப் பார்த்தபோது அவை நிறத் தேனைத்தான் அதிகம் நாடின. 2006-இல் வெளிவந்த ஆய்வு. நமீப் பாலைவனத்தில் இருக்கும் சவ்வுக்கால் கெக்கோவின் உடலில் சில பட்டைகள் புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிர்வதை 2021-இல் எழுதினார்கள். ஒளிர்வது உறுதி. நிலவொளியில் ஒன்றையொன்று அடையாளம் காண்பதற்காக ஒளிர்கிறது என்பது இன்னும் ஊகம்.

பாம்பு கதை வேறு. அவற்றின் மூதாதை மங்கலில் வாழ்ந்தபோது இரண்டு நிறமிக் குடும்பங்கள் காணாமல் போயின. பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வகையை 1999-இல் அளந்தபோது கோல் செல் 494-இல், கூம்புகள் இரண்டு: ஒன்று 551, இன்னொன்று 360. ஆக அதிகபட்சம் இரண்டு நிறப் பார்வை. பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் ஒன்றாகவே தெரியும், புற ஊதா தனியாகத் தெரியும் என்று எதிர்பார்க்கலாம். இது அளவீட்டிலிருந்து எடுத்த முடிவு. பல்லிக்குச் செய்த மாதிரிப் பழக்கிப் பார்த்த சான்று பாம்புகளில் மிகக் குறைவு, அதனால் இங்கே என் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். மலைப்பாம்பின் உதட்டுக் குழிகள் சூட்டை உணர்வதைச் சிலர் அகச்சிவப்புப் பார்வை என்று சொல்லிக் குழப்புவார்கள். அது கண்ணின் வேலையே இல்லை, தனி நரம்பு, தனி உறுப்பு.

கடைசியாக உங்கள் இடுக்கி. ஆறில் ஐந்து என்பது பெரிதாகத் தெரியும். காசைச் சுண்டினாலும் ஆறில் ஐந்தோ ஆறோ தலை விழுவது ஒன்பதில் ஒரு தடவை நடக்கும். தவிர, பச்சைக்கும் கறுப்புக்கும் நிறத்தில் மட்டுமா வித்தியாசம்? கறுப்பு இருண்டது, பச்சை வெளுத்தது. இரண்டையும் கறுப்பு வெள்ளைப் போட்டோ எடுத்தாலும் பளிச்சென்று பிரித்துவிடலாம். வாசனை வேறு. எந்தக் கை என்பது வேறு. நானும் ஒருமுறை நீலத் துண்டு, சாம்பல் துண்டு வைத்துச் சோதித்து, பல்லி விடாமல் நீலத்துக்கே வருவதைப் பார்த்து மூன்று நாள் குதித்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள்தான் கவனித்தேன், நீலத்தை எப்போதும் வலது கையில் பிடித்திருக்கிறேன். அதன் குகை வாசல் அந்தப் பக்கம்.

மறுபடி செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஒரே அச்சில் ஐந்து இடுக்கி. ஒன்றின் நுனிக்குப் பச்சை டேப், மற்ற நான்குக்கும் வெளிர் சாம்பலிலிருந்து கரும்சாம்பல் வரை நான்கு டேப். தீனி கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் பச்சையோடு ஒரு சாம்பலை மட்டும் ஜோடி சேருங்கள், எந்தச் சாம்பல் என்பதை மாற்றிக்கொண்டே இருங்கள். இடமா வலமா என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். இரண்டிலும் புழு இருக்கட்டும். ஆனால் சாம்பலை நோக்கி வந்தால் அன்றைக்குப் புழு கிடையாது, பச்சைக்கு வந்தால் உண்டு. முதல் பத்துப் பன்னிரண்டு தடவையைப் பழக்கமாக விட்டுவிடுங்கள், எண்ணாதீர்கள். அதன் பிறகு இருபது தடவை. பதினாறோ அதற்கு மேலோ பச்சை வந்தால், அது தற்செயலாக வர ஆயிரத்தில் ஆறு தடவைதான் வாய்ப்பு. வெளிர் சாம்பலோடும் கரும்சாம்பலோடும் ஒரே மாதிரி பச்சையை எடுத்தால் பிரகாசத்தைப் பார்த்து எடுக்கவில்லை என்றும் ஆகிறது. சாப்பாட்டு அட்டவணையைக் கெடுக்காமல் செய்தால் பெரிய பல்லிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் தோல் உரிக்கும் நாட்களை விட்டுவிடுங்கள். அப்போது அதற்குச் சாப்பாட்டில் நாட்டம் குறையலாம், பச்சைக்கும் வராது, சாம்பலுக்கும் வராது.